கலியாணப் படம்

கோப்பாயில் தனியாக இருந்த சோமசேகரம் மாஸ்டர், ஓய்வு பெற்ற பிறகு ஒரு வாரப் பத்திரிகைக்குச் சொற்களைப் பற்றி எழுதிவந்தார். தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு ஆவணியில் அவர் எடுத்துக்கொண்ட சொல் 'படம்'. வடமொழியில் 'பட' என்றால் துணி. பழந்தமிழிலும் படம் துணிதான். துணியில் தீட்டிய ஓவியத்துக்கு அந்தப் பெயரே நின்றது. பிறகு கடதாசியில் கீறியதும், கமராவில் பிடித்ததும், கடைசியில் தியேட்டரில் ஓடியதும் படமாயின. பாம்பின் படத்துக்கு வேர் வேறு என்று ஒரு குறிப்பும் வைத்தார். மனைவி செத்து ஆறு வருஷம். ஒருவரோடும் கதையாமல் பொழுதுபடுகிற வீட்டில் இப்படி ஏதாவது ஒரு சொல் அவருக்குத் துணையாக இருக்கும்.

அதே கிழமை, கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து வந்த ஒருவர் ஒரு வீடியோக் கசெற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கனடாவிலிருந்து மகன் முகுந்தன் அனுப்பியது. "ஐயா, கலியாணப் படம் அனுப்புகிறேன், பாருங்கள்" என்று ஒரு துண்டும் இருந்தது. மகனை அவர் கண்டு ஒன்பது வருஷம்.

ஊரில் கரண்ட் இல்லை. அயலில் தம்பிஐயாவிடம் ரீவியும் டெக்கும், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரும் இருந்தன.

"ஞாயிறு பின்னேரம் வாங்கோ மாஸ்டர், போட்டுக் காட்டுறன்" என்றார் தம்பிஐயா.

மாஸ்டர் வீட்டுப் படம் ஓடப்போகிறது என்று கதை பரவி, முப்பது பேர் வந்து நிலத்தில் குந்திவிட்டார்கள். ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கியதும் பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான்.

"சண்டை வராதோ?"

"இது கலியாண வீடடா."

"படம் எண்டுதானே சொன்னவை."

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் தம்பிஐயாவும், மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த லூர்த்தம்மாவும்தான் மிஞ்சினார்கள்.

தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் யாரோ ஒருவர் பட்டு வேட்டியோடு நின்றார். மாஸ்டருக்கு அவரைத் தெரியாது. பிறகு கமரா மண்டப வாசலுக்குத் திரும்பியது. அங்கே ஒரு மேசையில் இரண்டு படங்கள். ஒன்று மனைவியுடையது. பக்கத்தில் இருந்தது அவருடையது. இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சந்தனமாலை.

"மாஸ்டர், அது நீங்களெல்லோ?" என்றாள் லூர்த்தம்மா.

"ஓம்."

"உயிரோடை இருக்கிற ஆளுக்கு…" அவள் மிச்சத்தை விழுங்கிக்கொண்டாள்.

"ஆரோ தெரியாமல் சோடினைக்குப் போட்டிருப்பினம்" என்றார் தம்பிஐயா.

மாஸ்டர் தலையாட்டினார். திரையில் முகுந்தன் அந்த மேசைக்கு முன்னால் வந்து கும்பிட்டான். கண்ணைத் துடைத்தான். உடம்பு மெலிந்து, நெற்றி ஏறியிருந்தது.

"அந்த இடத்தை ஒருக்காத் திருப்பிப் போடும், தம்பிஐயா."

மூன்று தரம் பார்த்தார். மாலையை அவர் பிறகு பார்க்கவில்லை, மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனரேற்றர் இருமி நின்றதும் தம்பிஐயா கசெற்றை எடுத்து நீட்டினார்.

"உம்மட்டையே இருக்கட்டும். என்னட்டைப் போட்டுப் பாக்க ஒண்டுமில்லை."

வீட்டுக்கு வந்து மகனுக்குக் கடிதம் எழுதினார். படம் பார்த்தேன், மருமகள் லட்சணமாக இருக்கிறாள், நீ நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதினார். மாலையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் நல்ல சுகம் என்று வழக்கம்போல் தொடக்கத்தில் எழுதியிருந்ததை, கையெழுத்து வைக்குமுன் இன்னுமொரு தரம் எழுதினார்.