நூற்றுக்கு நூறு வாங்கிய மருத்துவமனை

சுகாதாரத் துறை அனுப்பியிருந்த படிவத்தில் நாற்பது கேள்விகள். நிர்வாகமும் தலைமையும் எப்படி இருக்கின்றன என்று அந்தந்த மருத்துவமனையே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். தனக்குத் தானே மார்க் போடச் சொன்னால் கஞ்சத்தனம் பார்ப்பவர் உண்டா? மூன்று வருடமாக இங்கே நூற்றுக்கு நூறுதான். பத்து மணிக்கு மதிப்பீட்டு அதிகாரி வருகிறார். கண்காணிப்பாளர் கேள்விகளைச் சரியாகக்கூடப் படிக்காமல் 'ஆம்', 'ஆம்' என்று டிக் அடித்துக்கொண்டிருந்தார். இந்த முறையும் நூறு வந்தால் இயக்குநர் பதவி கைக்கு வந்த மாதிரிதான்.

எதிரே தலைமைச் செவிலியர் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரே வருடத்தில் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள். படிவத்தில் அவருடைய கையெழுத்தும் வேண்டும்.

"பதினேழாவது கேள்வியக் கொஞ்சம் படிங்க சார்."

"ஊழியர்கள் குறைகளைத் தயங்காமல் சொல்ல வழி உண்டா... உண்டே! மாசாமாசம் மீட்டிங் போடுறோமே சிஸ்டர்."

"மீட்டிங்ல நீங்க பேசுறீங்க, நாங்க தலையாட்டுறோம். போன மாசம் பிரசவ வார்டுல ரத்தப்போக்க நிறுத்துற ஊசி தீந்துபோச்சு. தெரியுமா?"

பேனா நின்றது. "யாரும் சொல்லலையே!"

"சொன்னா எரிஞ்சு விழுவீங்க. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தோம். அந்தப் பொண்ணு பிழைச்சது அதிர்ஷ்டம். மருந்து ஸ்டோர்ல ஆள் இல்லாம ரெண்டு வருஷமாச்சு. நூறு மார்க் வாங்குற இடத்துக்கு எவன் சார் ஆள் அனுப்புவான்?"

கண்காணிப்பாளருக்குப் பழைய காலைகள் நினைவுக்கு வந்தன. அப்போதிருந்த பெரிய டாக்டர் ஏழு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே எல்லோரையும் கூட்டுவார். நாற்காலி கிடையாது, பத்தே நிமிடம். "இன்னைக்கு எது இல்ல?" என்று கேட்பார். பினாயில் இல்லை, கையுறை இல்லை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருநாள் இதே செவிலியர், "உங்களுக்குப் பொறுமை இல்ல சார்" என்று சொல்லிவிட, மனிதர் வயிறு குலுங்கச் சிரித்து அதையும் குறித்துக்கொண்டார். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! கழுவிவிட்ட ஈரத் தரையில் தூங்கி வழிந்துகொண்டு நின்றதுகூட இப்போது இனித்தது. தான் கண்காணிப்பாளர் ஆனதும், நேரம் வீணாகிறது என்று அந்தக் கூட்டத்தை நிறுத்தியவர் இவரேதான். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

முதல் கேள்வியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தார். செவிலியர் சொல்லச் சொல்லத் திருத்தினார்.

அதிகாரி வந்து பார்த்தபோது படிவம் முழுக்க அடித்தலும் திருத்தலும். மொத்தம் நாற்பத்தைந்து மார்க்.

"மத்த ஆஸ்பத்திரியெல்லாம் தொண்ணூறுக்கு மேல சார். இத அனுப்பினா உங்களுக்கு வரவேண்டிய இயக்குநர் பதவி போயிடும். வேணும்னா புதுப் படிவம் தரேன், மாத்தி எழுதிக்கிறீங்களா?" என்றார் அந்தப் பெண் அதிகாரி.

ஆசை ஒரு நொடி எட்டிப்பார்த்தது. பொய் சொல்வானேன், இரண்டு நொடி.

"வேண்டாம்மா. ஸ்டோருக்கு ஒரு ஆள் அனுப்புங்க, போதும். கீழ இருக்கிறவங்க குறையச் சொல்லப் பயப்படுற ஆஸ்பத்திரி நூறு மார்க் வாங்கினாலும் நோயாளிக்கு ஆபத்துதான். இங்க அந்தப் பயத்த உண்டாக்கினது நான்தாம்மா."