எதிர்க்கடைப் பலகையில் எங்கள் ஊர்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்து நிற்கும் தெரு ஒன்றில் முனீர் பிரியாணிக் கடை வைத்திருந்தார். பிறந்து வளர்ந்தது திண்டுக்கல் பேகம்பூர். கடைப் பலகையில் தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் 'திண்டுக்கல் பிரியாணி' என்று மட்டும் எழுதி வைத்திருந்தார். பெருமாள்சாமி வரும்வரை அந்தத் தெருவில் அந்தப் பெயர் அவருக்கு மட்டும்தான் இருந்தது.

பெருமாள்சாமிக்கும் முனீர் வயசுதான், ஐம்பதை ஒட்டி இருக்கும். பனியன் கம்பெனியில் அயர்ன் வேலை பார்த்தவர். கம்பெனியை மூடிவிட்டதும் எதிர்ச்சாரியில் ஒரு கடையைப் பிடித்தார். திறப்பதற்கு முந்தின நாள் பலகையை மாட்டினார்கள். முனீர் கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்தார். 'ஒரிஜினல் திண்டுக்கல் பிரியாணி.'

தெருவைக் கடந்து போனார்.

"திண்டுக்கல்ல நீங்க எந்தப் பக்கம்?"

பெருமாள்சாமி மறைக்கவில்லை. "நான் விளாத்திகுளம் பக்கம் பாய். ரயில்ல திண்டுக்கல் வழியாப் போயிருக்கேன். இறங்கினதில்ல."

இப்படி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிற ஆளை என்னவென்று திட்டுவது? முனீர் வந்த வழியே திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவி ஜெய்தூன் பீவியிடம்தான் எல்லாவற்றையும் கொட்டினார்.

"கால் வைக்காத ஊரு பேரை ஒரு மனுசன் எப்புடிப் போடலாம்?"

ஜெய்தூன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அப்ப கூட்டிட்டுப் போயி கால் வைக்கச் சொல்லுங்க" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். முனீர் ராத்திரி முழுக்க அதையே யோசித்தார்.

ரெண்டு கடைக்கும் திங்கட்கிழமை லீவு. கூப்பிட்டதும் பெருமாள்சாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவருக்குக் கொடுத்தார் முனீர். ஒட்டன்சத்திரம் தாண்டி வெகுதூரம் வந்தபிறகு, வெயிலில் அந்தப் பாறை தெரிந்தது.

"அந்தா, எங்க மலைக்கோட்டை."

பெருமாள்சாமி எட்டிப் பார்த்தார். "மொட்டையா இருக்கே பாய்."

முனீருக்குச் சுருக்கென்றது. "செத்த நேரம் பொறுங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர் மனசில் ஒரு கணக்கு இருந்தது. பேகம்பூரில் தாய்மாமன் மகன் அல் அமீன் ஒரு மெஸ் நடத்துகிறான். அங்கே ஒரு வாய் சாப்பிட்டால் போதும், மனுஷன் வெட்கப்பட்டுத் தானாகவே பலகையைக் கழற்றிவிடுவார். அல் அமீன் வாசலுக்கே வந்து ரெண்டு பேரையும் உள்ளே கூட்டிப்போய் இலை போட்டான். பெருமாள்சாமி நாலு வாய் சாப்பிட்டார். பிறகு தலையே நிமிரவில்லை. இலையை வழித்து முடித்துவிட்டு, "தம்பி, அடுப்படியைப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

"அதுக்கென்ன, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான் அல் அமீன். ஊறுகிற சீரகச் சம்பாவை அள்ளிக் காட்டினான். கறியைச் சின்னச் சின்னதாகப் போட வேண்டும், தக்காளி கூடாது, புளிப்புக்குத் தயிரும் எலுமிச்சையும்தான் என்றான். மூடி மேல் நெருப்பை எந்த நேரத்தில் அள்ளிப் போடுவது என்பதையும் விடவில்லை.

முனீர் அவனை ஓரமாக இழுத்தார். "ஏலே, அவரு எனக்கு எதுத்த கடைக்காரருடா. எல்லாத்தையும் சொல்லிக் குடுக்குறியே."

"தெரியும் மச்சான், போன்ல சொன்னீங்கள்ல."

"தெரிஞ்சுமா சொன்ன?"

"நம்ம ஊரு பேரை மாட்டியிருக்காரு. அங்க சாப்பிடுறவன் வாயில வைக்க முடியலைன்னா யாரைத் திட்டுவான்? அவரையா? திண்டுக்கல்லைத்தான் திட்டுவான்."

முனீர் வெளியே வந்தார். வாசலில் நின்று செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. "வந்ததுக்கு மேலயும் ஏறிருவோம்" என்றார் பெருமாள்சாமி. முனீர் அந்தப் பாறையில் ஏறிப் பல வருஷம் ஆகியிருந்தது. பாறையிலேயே செதுக்கிய படிகளில் ரெண்டு பேரும் நின்று நின்று மூச்சு வாங்கி ஏறினார்கள். மேலே போனதும் காற்று வேட்டியைப் பிடுங்கியது. கீழே ஊர் மொத்தமும் கிடந்தது. தெற்கே சிறுமலை நீலமாக நின்றது.

"உங்க வீடு எது பாய்?"

முனீர் தேடினார். எல்லா மொட்டை மாடியும் ஒரே மாதிரி இருந்தது. வாப்பா இறந்தபின் வீட்டை விற்றாயிற்று. இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பியிருந்தார்கள். "இப்ப இல்ல" என்று சொல்லி விட்டிருக்கலாம். பெருமாள்சாமி விடவில்லை. "பள்ளிவாசல் எங்க இருக்கு? அதுலயிருந்து எந்தப் பக்கம் திரும்புவீங்க?" என்று கேட்டுக் கேட்டு, தன் விரலை நீட்டித் தெருத்தெருவாகப் போனார். கடைசியில் ஒரு வேப்பமரத்தில் விரல் நின்றது.

"அதான்" என்றார் முனீர். "அந்த மரம் எங்க வாசல்ல நின்னது."

ரெண்டு பேரும் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஊரு பேரைச் சொன்னா பக்கத்து ஊர்க்காரனே எங்க இருக்குன்னு கேப்பான்" என்றார் பெருமாள்சாமி. "அதைப் பலகையில எழுதினா யாரு உள்ள வருவா? பேருள்ள ஊரா ஒண்ணைப் போட்டேன். இப்புடி ஒரு ஊரு நெசமாவே இருக்கும்னு அப்ப யோசிக்கல. போனதும் கழட்டிர்றேன் பாய்."

காற்றில் முனீரின் தொப்பி நழுவியது. பிடித்து வைத்துக்கொண்டார்.

"பலகை இருக்கட்டும்" என்றார். "அரிசிய மாத்துங்க."

இறங்கும்போது கடைவீதிப் பக்கம் போய் ஒரு மூட்டை சீரகச் சம்பா வாங்கினார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். வழியில் சிறுமலைப் பழம் விற்கிற அம்மா, மூட்டையைப் பார்த்து, "கல்யாண வீடா அப்பு?" என்று கேட்டாள். முனீர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் ஓய்ந்த நேரத்தில், பெருமாள்சாமி ஒரு தூக்குவாளியோடு தெருவைக் கடந்து வந்தார். கறி ரெண்டு கடைக்கும் ஒரே பாய் கடையிலிருந்துதான் வருகிறது. அதனால் ஹலாலா என்று யோசிக்க எதுவும் இல்லை. கடைக்கு வந்திருந்த ஜெய்தூன் தட்டில் போட்டுக்கொண்டு வந்து ஒரு வாய் எடுத்தாள். "எலுமிச்சை பத்தல" என்றாள்.

முனீர் மெதுவாகச் சாப்பிட்டார். மறுபடி கொஞ்சம் போட்டுக்கொண்டார். பெருமாள்சாமி வாளி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

"என்ன பாய், எதாவது சொல்லுங்க."

முனீர் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"முதல்ல உக்காருப்பா" என்றார். "நம்ம ஊர்ல யாரையும் நிக்க வச்சிக்கிட்டுச் சாப்பிடுறதில்ல."

ஜெய்தூன் இன்னொரு தட்டு எடுக்க உள்ளே போனாள்.