தந்தவர் பெயர்

"வானத்துல இருக்கிறதுக்கு ஸ்டார்னு யாருப்பா பேர் வச்சது?"

ஆறு வயதில் மகள் இப்படிக் கேட்டபோது அகராதிக்காரர் திருதிருவென்று விழித்தார். ஆங்கில, பாரசீகச் சொற்களின் பிறப்பைத் தேடித் தொகுக்கும் அலுவலகத்தில் வேலை; வீட்டில் ஒரு சொல்லுக்குப் பதில் இல்லை. அவள் விடுகிற ஆளா? அலுவலகத்துக்குக் கீழே இருந்த தையல் கடையில் பைஜாமாவுக்கு அளவு கொடுத்துக்கொண்டே, தையற்கார அத்தையிடமும் கேட்டுவைத்தாள்.

தையற்காரம்மாவின் தாய்மொழி பாரசீகம். வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "யார் வச்சாங்கன்னு தெரியாதுடி கண்ணு. எங்க வீட்டுல அதைச் செதாரேன்னு சொல்லுவோம். உன் ஸ்டாரும் என் செதாரேயும் ஒரு வயித்துல பொறந்த மாதிரி இல்ல?" பைஜாமாவும் தங்கள் வீட்டுச் சொல்தான் என்றாள், பாய் என்றால் கால், ஜாமே என்றால் உடுப்பு. அப்படியானால் அது வெறும் கால்சட்டைதானே, அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பேர் என்று மகள் மடக்க, கடையே சிரித்தது.

மகளோடு கடையில் நின்றிருந்த அகராதிக்காரர் மேலே போய் நூல்களைப் புரட்டினார். அறிஞர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்: இரண்டும் ஒரே பழைய வேரில் கிளைத்தவை. அன்றே ஒரு சீட்டு எழுதினார். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் 'தந்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. யார் வாயிலிருந்து சேதி வந்ததோ அவர் பெயர் அதில் ஏற வேண்டும்; அகராதியில் அந்தச் சொல்லின் பக்கத்திலும் அதுவே அச்சாகும். கை அவர் பெயரையே எழுதிவிட்டது. பதிப்பாசிரியர் தோளில் தட்டிக்கொடுத்தார். எங்கப்பா கண்டுபிடித்தது என்று மகள் பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். அப்போதும் அவர் சீட்டைத் திருத்தவில்லை.

இருபது வருஷம் ஓடிவிட்டது. தையற்காரம்மா அந்தப் பேச்சையே மறந்துபோனாள். தான் தைத்துக்கொடுத்த அவர் கோட்டில் பித்தான் தொங்கினால் மட்டும், "கழட்டுங்கண்ணா" என்று வாங்கி, நிற்க வைத்தே தைத்துக்கொடுப்பாள். அன்றைய மாலைப் பிரார்த்தனையில் அவருக்கு மனம் ஒட்டாது.

இப்போது அகராதி அச்சுக்குப் போகிறது. "ஸ்டார் பக்கத்துல உங்க பேரைக் காட்டறேன்னு மாமியார்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்ப்பா" என்று காலையில்தான் மகள் போனில் பூரித்தாள். கடைசி மெய்ப்பு அவர் மேசைமேல் இருந்தது. மூன்று மணிக்கு அச்சகத்து ஆள் வருவார்.

மதியம் எல்லோரும் சாப்பிட இறங்கிப் போனார்கள். பசியில்லை என்று அவர் மட்டும் தங்கிவிட்டார். சிவப்புப் பேனாவை எடுத்தார். மகளின் முகம் கண்ணில் வந்து நின்றது. ஸ்டார் பக்கத்தில் இருந்த தன் பெயரை அடித்தார்.

தையற்காரம்மாவின் பெயரை எழுதப்போனபோதுதான், அதை எப்படி எழுதுவது என்றே தெரியாதது உறைத்தது. இத்தனை வருஷமும் 'தங்கச்சி' என்றே கூப்பிட்டுப் பழக்கம். கோட்டைக் கழற்றிக் கழுத்துப்பட்டையைத் திருப்பினார். உள்ளே ஒரு சின்னத் துணித்துண்டில் அவள் தன் பெயரை நூலால் போட்டிருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

மெய்ப்பை உறையில் போட்டு ஒட்டினார். கோட்டை மாட்டிக்கொண்டார். இப்போது பசித்தது.