மெட்டு இல்லாத மேசை ஜெபம்

உலகத்தில் பயம் என்பதே இல்லாத மனிதன் ஒருவன் இருக்கிறான் என்றால் அது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. கனடாவில், எங்கள் வின்னிபெக்கில் ஜனவரி மாதம் மைனஸ் முப்பது என்று வானொலியில் சொல்வார்களே, அதுபோல ஒரு தகவலாகச் சொல்கிறேன். துணைவேந்தரைக் கேலி செய்து எழுதியிருக்கிறேன். ஹாக்கி அணியின் கோல்கீப்பரைப் பற்றி, அவன் என் விடுதியில் எனக்கு எதிர் அறையில் குடியிருக்கும்போதே எழுதியிருக்கிறேன். கடவுளைப் பற்றியும் இரண்டு முறை எழுதினேன். மூவரில் அவர் ஒருவர்தான் மறுப்புக் கடிதம் அனுப்பவில்லை.

என் பெயர் டோபியாஸ் லோவன். மாணவர் பத்திரிகையில் வியாழன்தோறும் கடைசிப் பக்கம் என்னுடையது.

முதல் வருடம் படிக்கும் என் அறைத்தோழன் எஸ்ரா வீப் எனக்கு நேர் எதிர். லிஃப்டில் ஏறும்போது லிஃப்டிடமே மன்னிப்புக் கேட்கும் ரகம். இருவரும் ஒரே ஊர். தெற்கே, எல்லைக்குப் பக்கத்தில், சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே இருக்கும், மெனோனைட் என்ற பழைய கிறிஸ்தவ சபையாரின் ஊர். அங்கே எந்த வீட்டிலும் பாடி நன்றி சொல்லாமல் யாரும் கரண்டியைத் தொடமாட்டார்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று ஒரே பாட்டை நான்கு குரலாகப் பிரித்துப் பாடுவார்கள். உருளைக்கிழங்கு ஆறிப்போகும். யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

படிக்க நகரத்துக்கு வந்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு காரியம் செய்வோம். தட்டின் முன் உட்கார்ந்து, அரிப்பதுபோல நெற்றியில் கைவைத்து, மூன்று விநாடி புருவத்தைச் சொறிவோம். அதுதான் ஜெபம். கடவுளுக்குத் தெரிந்துவிடும், பக்கத்து மேசைக்குத் தெரியாது. நானும் முதல் வருடம் சொறிந்தேன். இரண்டாம் வருடம் அரிப்பு தானாகவே நின்றுவிட்டது.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து திரும்பிய அன்று, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எஸ்ரா சொன்னான்.

“டேய், இனிமே நான் புருவம் சொறியப் போறதில்ல.”

“களிம்பு கெடச்சிருச்சா?”

“விளையாடாதடா. எந்திரிச்சு நின்னு பாடப் போறேன். வீட்ல மாதிரி.”

“கேண்டீன்லயா?”

“நான் சோறு திங்கறது அங்கதான? பின்ன பாத்ரூம்லயா பாடுவாங்க?”

“மத்தவங்க அங்கதான்டா பாடுவாங்க. முந்நூறு பேர் பாப்பாங்க.”

“தெரியும்.” பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். “ஊர்ல மேசைல பாடறப்ப என் குரல் எனக்கே புதுசா கேட்டுச்சுடா. நாலு மாசமா பூட்டி வச்சிருந்திருக்கேன்.”

துணைக்கு மூன்று பேரைப் பிடித்தான். நர்சிங் படிக்கும் இரண்டு பெண்கள், அப்புறம் கேரத் உன்ரோ என்ற நெட்டைப் பையன். மதியம் பன்னிரண்டே காலுக்கு, முந்நூறு பேர் மென்றுகொண்டிருக்க, நால்வரும் எழுந்து நின்று பாடினார்கள். நாற்பது விநாடி இருக்கும். முடித்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

எழுத்தாளனுக்கு இப்படி ஒரு விஷயம் தானாக வந்து மடியில் விழுவது அபூர்வம். அந்த வியாழக்கிழமை எழுதினேன். நான்கு பேர் சூப்புக்கு முன் எழுந்து நின்று மரியாதை செலுத்தியதாகவும், சூப் பதிலுக்கு எழுந்து நிற்கவில்லை என்றும், இப்படிப்பட்ட அவமதிப்பைத் தாங்கிக்கொண்டு அவர்கள் அதையே சாப்பிட்டது பெருந்தன்மையின் உச்சம் என்றும் எழுதினேன். பத்திரிகையைக் கழிவறைகளில்கூட ஒட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை கேரத் வரவில்லை. நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்பதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் அந்தப் பெண்கள் இருவருக்கும் ஒரே நாளில் வகுப்பு நேரம் மாறிவிட்டது. என் எழுத்துக்கு இருந்த வீச்சு எனக்கே வியப்பாக இருந்தது.

எஸ்ரா கோபப்படவில்லை. “நல்லா எழுதிருக்கடா. சூப் எந்திரிக்கலன்னு படிச்சதும் சிரிப்ப அடக்க முடியல,” என்றான். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவன் தனியாக எழுந்து நின்றான். அப்போதுதான் அந்த விபரீதம் நடந்தது.

எங்கள் சபையில் பையன்களுக்குப் பதிமூன்று வயதில் குரல் உடைந்ததும் பெரியவர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள். உச்சத்தில் நிற்கும் குரல் டெனர் பெஞ்சுக்கு, கிணற்றில் விழுந்த குரல் பேஸ் பெஞ்சுக்கு. அதன்பின் சாகும்வரை அந்த பெஞ்சுதான். மெட்டைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள், ஆண்கள் அதற்குத் துணையாக வேறு ஸ்வரங்கள் பாடுவார்கள். எஸ்ரா டெனர் பெஞ்சு. ஆயிரம் பாட்டுகள் பாடுவான். ஒன்றின் மெட்டும் அவன் வாயில் வராது.

ஆகவே முந்நூறு பேர் முன்னால் அவன் தனியாகப் பாடியது பாட்டே அல்ல. பாட்டின் பக்கவாட்டுச் சுவர். ஒரே ஸ்வரத்தில் வெகுநேரம் நின்றான். அரைப்படி ஏறினான், என்னவோ நினைத்துக்கொண்டு இறங்கினான், மறுபடி அதே இடத்தில் நின்றான். சாவியைத் தொலைத்தவன் வாசலிலேயே நடமாடுவது போலிருந்தது. எதிர் அறை கோல்கீப்பர் ஓநாய்போல ஊளையிட்டான். மூன்று மேசைகள் சேர்ந்துகொண்டன. எஸ்ரா கடைசிவரை பாடிவிட்டு, காதெல்லாம் சிவக்க உட்கார்ந்து, நூடுல்ஸ் சாப்பிட்டான்.

செவ்வாய்க்கிழமையும் ஊளை. புதன்கிழமை காலை பல் துலக்கப் போனபோது எஸ்ரா தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

“என்னத்தடா தின்ன?”

“ஒண்ணுமில்ல. மதியம் வருதுல்ல, அதான். தெனமும் காலைல இப்படித்தான்.”

“பைத்தியமாடா உனக்கு? விட்டுத் தொலையேன். இல்லன்னா மெட்டையாவது கத்துக்க.”

“கத்துக்கிட்டேன். நின்ன ஒடனே வாய் தானா டெனருக்குப் போயிருது.” முகத்தைக் கழுவினான். “டோபி, என் டிராயர்ல ஒரு ஃபாரம் இருக்கு. படிப்ப நிறுத்தறதுக்கு. வெள்ளிக்கிழம நாலு மணிதான் கடைசி.”

நான் பிரஷ்ஷில் பற்பசையைப் பிதுக்கினேன். மூன்று பேருக்கு ஆகும் அளவு வந்தது.

“அப்பா பன்றிக் கொட்டகைக்கு ஆள் தேடிட்டிருக்காரு. வெள்ளிக்கிழம வரைக்கும் நின்னு பாக்கறேன். முடிஞ்சா இருக்கேன். மறுபடி கை புருவத்துக்குப் போச்சுன்னா பெட்டியக் கட்டிருவேன்.”

“ஒரு பாட்டுக்காகவாடா படிப்ப விடுவ?”

“பாட்டுக்காக இல்லடா. ஆண்டவர் குடுத்தத, அவரு குடுத்தாருன்னு சொல்லப் பயந்துட்டுத் தின்னா, திருடித் திங்கற மாதிரி இருக்கு. நாலு வருஷம் அப்படித் திங்க என்னால ஆகாது.”

“ஆனா உனக்குத்தான் இவ்ளோ பயமாச்சே.”

“ஆமா,” என்றான், நான் மணி கேட்டதுபோல. “பயமாத்தான் இருக்கு. அது போனப்புறம் பாடலாம்னு இருந்தா நான் கெழவனாயிருவேன். அவரு கூட நிக்கறாரு, அது போதும்.” துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டான். அவன் போனபின்பும் குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வார வியாழக்கிழமை நாய்களைப் பற்றி எழுதினேன். பத்திரிகை அலுவலகத்தில் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பனிமூட்டம் தரைவரை இறங்கியிருந்தது. மூச்சு விட்டால் அது உறைந்து, துகளாகி, விழ மனமில்லாமல் மிதந்தது. பனித்துகளில் வெளிச்சம் பட்டு, சூரியனுக்கு இருபுறமும் இரண்டு பொய்ச் சூரியன்கள் நின்றன. மூன்றில் எது நிஜம் என்பதில் யாருக்கும் அக்கறை இல்லாத மாதிரி ஊர் மெதுவாக நடந்துகொண்டிருந்தது. கேண்டீனின் பெரிய கண்ணாடிச் சுவரில் ஆவி படிந்து, உள்ளே வெளிச்சம் பால்போலத் தேங்கியிருந்தது. அதற்குள் முந்நூறு பேரும் தண்ணீருக்கடியில் சாப்பிடுகிறவர்களைப் போலத் தெரிந்தார்கள்.

சூப் ஊற்றுவது ஓக்சானா அக்கா. அங்கே படித்தவர்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான், துணைவேந்தர் உட்பட.

“அந்தப் புள்ள இன்னிக்கும் பாடுமா?”

“தெரியலக்கா.”

“நீதான எழுதுனது?”

“ஆமாக்கா.”

“நல்லாத்தான் எழுதற. இந்தா, பரிசு.” கரண்டி பாதிதான் நிறைந்தது. “முப்பது வருஷமா இத ஊத்தறேன் தம்பி. இதுக்குன்னு எந்திரிச்சு நின்னவன் அவன் ஒருத்தன்தான். நகரு, பின்னாடி ஆள் நிக்குது.”

எஸ்ராவிடமிருந்து நான்கு மேசை தள்ளி உட்கார்ந்தேன். கச்சிதமான தூரம். நண்பன் என்றும் சொல்லலாம், தெரியாது என்றும் சொல்லலாம்.

பன்னிரண்டே காலுக்கு அவன் எழுந்தான். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான். அவன் வாய் திறப்பதற்கு முன்பே ஊளை தொடங்கிவிட்டது. இம்முறை கோல்கீப்பர் மட்டுமல்ல, ஜன்னலோரம் முழுவதும். யாரோ ஒரு பெண் பரிதாபப்பட்டு “உக்காருப்பா” என்றாள். அதுதான் ஊளையைவிட மோசம்.

எஸ்ராவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது. வரவில்லை. பிறகு அவனுடைய வலது கை நாற்காலியை விட்டுவிட்டு, மெல்ல, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல, நெற்றியை நோக்கி ஏறத் தொடங்கியது.

என் முழங்கால் ஆடியது. எனக்குப் பயம் கிடையாது என்பதால் குளிர் என்று முடிவுசெய்தேன். உள்ளே இருபத்திரண்டு டிகிரி. நாக்கு உலர்ந்தது. அதற்கு ஹீட்டர் காரணம். அடிவயிற்றில் என்னவோ புரண்டது. அதற்கு அரைக் கரண்டி சூப் காரணம். இத்தனை காரணங்களும் தீர்ந்தபிறகு, முந்நூறு முகங்களும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. என் பக்கத்தைப் படித்துச் சிரித்த ஒவ்வொரு முகமும்.

நான் எழுந்திருக்க நினைக்கவில்லை. நாற்காலிதான் பின்னால் போனது.

கிணற்றுக்குள் விழுந்த குரல் என்று சொன்னேனே, என்னுடையது அதுதான்; இரண்டு வருடமாக அதை யாரும் இறைக்கவில்லை. முதல் ஸ்வரம் துருப்பிடித்து வந்தது. தனியாகக் கேட்டால் டெனராவது வாசலில் நடமாடும். பேஸ் அதுகூடச் செய்யாது. கொட்டகைக்குள் மாடு யோசிப்பதுபோல ஒரே இடத்தில் நிற்கும். கோல்கீப்பர் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஊளை பாதியில் நின்று, “லோவனா?” என்ற கேள்வியாக முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மூடாவிட்டால் உட்கார்ந்திருப்பேன்.

இரண்டாவது அடியில் என் தலைக்கு மேலே எஸ்ராவின் குரல் வந்து சேர்ந்தது. மெலிந்து, நடுங்கி, சரியான இடத்தில் நின்றது.

மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர். நடுவில் மெட்டு இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. ஆனால் அது காலியாகக் கேட்கவில்லை. சொல்லத் தெரியவில்லை எனக்கு. பனிமூட்டத்துக்குள் யாரோ நடப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மூட்டம் விலகுவது தெரியும். அப்படி ஒன்று எங்கள் இரண்டு குரல்களுக்கும் நடுவே, மேசைகளுக்கு மேலே, அவசரமில்லாமல் போனது. கரண்டிச் சத்தம் குறைந்தது. சிரித்தார்களா, பார்த்தார்களா, தெரியாது. சூப்பு வாசமும் ரொட்டி வாசமும் வந்தன. இதையெல்லாம் கொடுத்தவருக்கு நன்றி என்ற வரி வந்தபோது, சிறுவயதில் ஆயிரம் முறை பாடிய அந்த வரியை அன்றுதான் முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

ஆமென் பேஸுக்கு நீளம். டெனர் முடித்தபிறகும் இரண்டு படி இறங்கவேண்டும். இறங்கினேன்.

எஸ்ரா நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. கரண்டி தட்டில் பட்டது. சாப்பிடத் தொடங்கிவிட்டான்.

நான் உட்காரவில்லை. பாட்டில் இல்லாத ஒன்றிரண்டு விஷயங்கள் அவரிடம் சொல்லவேண்டியிருந்தது. கண்ணை மூடியபடி, உதடு மட்டும் அசைய, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.