மாலை வகுப்பு

பனகல் பார்க் பஸ் நிறுத்தத்தில், கூட்டத்தைப் பொருட்படுத்தாமல், வஜீஹா ஒரு துண்டு அல்வாவைச் சுலோச்சனாவின் வாயில் ஊட்டினாள்.

"பாஸாயிட்டேன்டி! இனிமே நானும் பர்சனல் ஆபீசர்தான். நாளைக்கே மானேஜராண்ட போய் கேக்கப்போறேன்."

சுலோச்சனா அல்வாவை மெல்லாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள்.

போன வருஷம்வரை இருவரும் அடையாற்றில் ஒரே கம்பெனியில் டைப்பிஸ்டுகள். தொழிலாளர் விவகாரங்களைக் கவனிக்கும் பர்சனல் இலாகாவில் அதிகாரியாக வேண்டும் என்ற ஆசை இருவருக்கும் சேர்ந்தே வந்தது. வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் பட்டம் படிப்பதா, வேலையில் இருந்துகொண்டே மாலையில் டிப்ளமோ படிப்பதா என்று சாப்பாட்டு நேரமெல்லாம் பேசித் தீர்த்தார்கள். அப்போதுதான் மானேஜர் கங்காதரன் சுலோச்சனாவைத் தனியே கூப்பிட்டார். "ஆபீசர் வேலைக்கு இனிமே பட்டம்தான். டிப்ளமோவை எடுக்கறதில்லேன்னு முடிவாயிடுத்து. வெளியில சொல்லிண்டிருக்காதே."

மறுநாள் வஜீஹா கேட்டாள்: "எனக்கு டிப்ளமோ போதும்ல?"

அவளுடைய வாப்பா படுத்த படுக்கையாக இருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. உண்மை தெரிந்தால் மனம் உடைந்துபோவாள் என்று சுலோச்சனா நினைத்தாள். எப்படியாவது அவளும் பட்டத்துக்கு வந்து தனக்குப் போட்டியாகிவிடுவாள் என்றும் நினைத்தாளா? அது அவளுக்கே நிச்சயமில்லை. "தாராளமாப் போதும்" என்றாள். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டுத் தான் மட்டும் கல்லூரியில் சேர்ந்தாள். வஜீஹா ஆபீஸ் முடிந்து தி. நகருக்கு டிப்ளமோ வகுப்புக்கு ஓடுவாள்; வகுப்பில் தூங்கிவிடாமலிருக்கத் தொடையைக் கிள்ளிக்கொள்வதாகச் சொல்லிச் சிரிப்பாள்.

"மானேஜரைப் பார்க்காதே வஜீ," என்றாள் சுலோச்சனா. "டிப்ளமோவை அவா ஒத்துக்கறதில்லையாம்."

வஜீஹா பொட்டலத்தை மெதுவாக மடித்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் சுலோச்சனா வாயைத் திறந்தாள்.

"நேத்திக்குத்தான்."

"அதான் உன் மூஞ்சி இப்டி கீதா?" வஜீஹா அவள் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். "நீ இன்னா பண்ணுவே, பாவம்."

பஸ் வந்தது. வஜீஹா முண்டியடித்து ஏறி ஓர் இடம் பிடித்து, சுலோச்சனாவை இழுத்து உட்காரவைத்தாள். "இத்தக் கொஞ்சம் புடி" என்று புத்தகப் பையை அவள் மடியில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் பை சரிந்தது. சுலோச்சனா அதை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள்.