இரண்டு முத்திரை விழுந்த சீட்டுகள்

செல்லாத சீட்டுகளை எண்ணி, உறையில் போட்டு, மேலே விவரம் எழுதுவது என் வேலை. நெடுங்கொல்லை ஊராட்சித் தலைவர் பதவிக்கு விழுந்த ஓட்டுகளில் நாற்பத்தாறு செல்லாதவை. அவற்றில் முப்பத்தொன்றைத் தனியாக ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்திருந்தார்கள். மேலே ஒரு துண்டுத்தாளில் 'இரண்டு முத்திரை' என்று எழுதியிருந்தது.

பிரித்தேன். இளஞ்சிவப்புச் சீட்டில் நான்கு பெயர்கள். முதல் பெயர் தருமன், கடைசிப் பெயர் வெள்ளையம்மாள். இரண்டு பெயருக்கு நேராகவும் ஊதா மை. அடுத்த சீட்டும் அப்படியே இருந்தது. அதற்கு அடுத்ததும்.

பின்பக்கம் திருப்பினேன். சாவடி எண் மூன்று. முப்பத்தொன்றிலும் மூன்றுதான். அது நான் வேலை பார்த்த சாவடி.

மறுபடி முன்பக்கம் பார்த்தேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு முத்திரை அழுத்தமாக இருந்தது, இன்னொன்று வெளிறியிருந்தது. ஓட்டு முத்திரையின் நான்கு கைகளும் கடிகாரம் சுற்றும் பக்கமாக வளைந்திருக்கும். வெளிறிய முத்திரையில் கைகள் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தன. கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டில் இப்படிப்பட்ட கண்ணாடிப் பிம்பங்களை ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். வலக்கையும் இடக்கையும் போல. எப்படித் திருப்பினாலும் ஒன்று இன்னொன்றாகாது. முத்திரையை அப்படி வடிவமைத்ததே இதற்காகத்தான். ஈரமான மை மடிப்பில் பட்டு மறுபக்கம் ஒட்டினால், எது அசல், எது ஒட்டியது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். அசலை எடுத்துக்கொண்டு ஓட்டைச் செல்லும் என்று எண்ண வேண்டும். அலுவலர்களுக்குக் கொடுத்த கைப்புத்தகத்தில் படத்தோடு போட்டிருக்கிறார்கள்.

அசல் முத்திரையை மட்டும் பார்த்து ஒரு முறை எண்ணினேன். வெள்ளையம்மாளுக்கு இருபத்திரண்டு. தருமனுக்கு ஒன்பது.

கரும்பலகையில் எழுதியிருந்தது: தருமன் 412, வெள்ளையம்மாள் 404.

கூட்டினேன். 421. 426.

மறுபடி கூட்டினேன். அதே எண்கள்தான் வந்தன.

மூன்று நாள் முன்பு, ஓட்டுப்பதிவு அன்று, மூன்றாம் சாவடிக்கு வரவேண்டிய ஓர் ஆசிரியைக்குக் காய்ச்சல். ஒன்றிய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த என்னை ஜீப்பில் அனுப்பினார்கள். பத்து மணிக்கு முத்திரை சரியாக விழவில்லை என்று வரிசையில் சத்தம். பேடு காய்ந்திருந்தது. மைப் புட்டியைத் திறந்து ஊற்றினேன். அளவு தெரியாமல் ஊற்றிவிட்டேன். பிறகு ஒரு வயதான அம்மா சீட்டை எப்படி மடிப்பது என்று கேட்டார். முதலில் நெடுக்கில் மடிக்க வேண்டும், அப்புறம்தான் குறுக்கில். எனக்கு அது தெரியும். வரிசை நீளமாக இருந்தது, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்த வெறும் தாளைச் சட்டென்று குறுக்கில் மடித்துக் காட்டிவிட்டேன். பின்னால் நின்றவர்கள் பார்த்து அப்படியே மடித்தார்கள். முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தப்பு என்றே அப்போது தோன்றவில்லை.

இப்போது மணி இரண்டரை. ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியின் வகுப்பறையில் நெடுங்கொல்லை எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. தேர்தல் நடத்தும் அலுவலர் சக்கரவர்த்தி சார் முடிவுப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் ஒன்றிய அலுவலகத்துக்கே அவர்தான் தலைமை. அவர் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

"சார், இன்னிக்குப் பௌர்ணமி. நாலு மணிக்கு என் ஆளுங்க கிரிவலப் பாதையில நிக்கணும். இப்பவே பஸ் எல்லாம் நிரம்பி வருது. இந்த ஒரு ஊருக்காக நாப்பது பேரை இங்க வெச்சிருக்கேன்."

"ஒரு கையெழுத்துதாங்க. முடிஞ்சிது."

வெளியே கேட்டுக்கு அந்தப்பக்கம் நெடுங்கொல்லைக்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து ஒரே கூச்சல். ஓட்டுப்பதிவு முடிந்து பெட்டிகள் வந்த வேன் வழியில் நின்றது என்பது அவர்கள் குறை. நின்றது உண்மை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டிபன் கடையில் இருபது நிமிடம் நின்றது. அன்று காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. போலீஸ்காரர் வேனிலேயே இருந்தார். யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். அது இரண்டு மணி நேரமாகி, பெட்டி மாற்றியதாகி, ஊர் முழுக்க எல்லோர் போனிலும் சுற்றியது. போட்டோவில் வேன் கதவருகே டீ கிளாஸோடு நிற்பது நான்.

எழுந்து சார் மேஜைக்குப் போனேன்.

"சார், இது செல்லுற ஓட்டுங்க."

"எது?"

சீட்டுகளைக் காட்டினேன். மை, மடிப்பு, கைகள் வளையும் திசை என்று சொன்னேன். பாதியில் அவர் கைப்புத்தகத்தைத் திறக்காமலேயே தலையாட்டினார்.

"தெரியும்மா. எண்ணுற டேபிள்ல பாத்திருக்கணும். பாக்கல. ரெண்டு ஏஜெண்டும் கையெழுத்து போட்டுட்டாங்க."

"நீங்க இன்னும் முடிவு சொல்லலை சார். சொல்லிட்டா அப்புறம் கோர்ட்டுதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றரை வருடத்தில் நான் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"யார் குடுத்த மை அது?"

"நான்தான் சார் ஊத்துனேன். மடிச்சிக் காட்டுனதும் நான்தான்."

குரலைத் தணித்தார். "கவியா. ப்ரொபேஷன் எப்ப முடியுது?"

"ஆகஸ்ட் சார்."

"பேசாம போய் உக்காரு. எனக்கு ஒண்ணும் கேக்கல. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

போய் உட்கார்ந்தேன். உறையை எடுத்தேன். 'செல்லாதவை – 46' என்று எழுத வேண்டும். நாலு என்ற எண்ணைப் போட்டேன். அடுத்த எண் வரவில்லை. அடியில் இருந்த வெள்ளைத்தாளை உருவி, மை ஊற்றியதையும் மடித்துக் காட்டியதையும் ஐந்து வரியில் எழுதி, பெயர், பதவி, தேதி போட்டு, திரும்பப் போய் அவர் படிவத்தின் மேல் வைத்தேன்.

அவர் அதைப் படித்தார்.

"இனி கேக்கலன்னு சொல்ல முடியாது" என்றார். "ஏஜெண்டுங்களைக் கூப்பிடு."

வெள்ளையம்மாளின் ஏஜெண்டு அவருடைய தங்கை மகன் மணிவேல். ஆட்டோ ஓட்டுகிறவர். தருமனின் ஏஜெண்டு இனியன், சட்டம் படித்தவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மற்ற இரண்டு வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் மதியச் சாப்பாட்டோடு போய்விட்டிருந்தார்கள்.

சார் சுருக்கமாகச் சொன்னார். "முப்பத்தொரு சீட்டை மறுபடி பாக்கணும். இந்தப் பொண்ணு விளக்கிச் சொல்லும்."

ஒரு தாளில் முத்திரை குத்தி, குறுக்கில் மடித்து, அழுத்தி, பிரித்துக் காட்டினேன். "இது குத்துனது. இது ஒட்டுனது. கை வளையற பக்கம் பாருங்க, வேற வேற."

மணிவேல் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"நீதான டீ குடிச்சிக்கினு இருந்த?"

அவர் சார் பக்கம் திரும்பினார்.

"வேனாண்ட. இந்தப் பொண்ணுதான் சார். பொட்டிக்கும் இட்லி வாங்கிக் குடுத்தியா மேடம்?"

"மணிவேல், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் சார்.

"எப்டி சார் இல்ல? மை ஊத்துனது இவங்க. மடிக்கச் சொன்னது இவங்க. வழியில நிறுத்துனது இவங்க. செல்லாதுன்னு கையெழுத்து வாங்குனீங்க, போட்டோம். இப்ப செல்லும்ன்றீங்க. எட்டு ஓட்டு போதல, எண்பதா ஆக்கணுமா அவனுக்கு?"

அவருக்காகத்தான் சொல்கிறேன் என்று எப்படிச் சொல்வது? எண்ணிக்கை யாருக்குச் சாதகம் என்று மேஜையில் இருக்கிறவர் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த நொடியே நான் ஒரு பக்கத்து ஆள்.

இனியன் இதற்குள் சீட்டுகளைக் குனிந்து பார்த்துவிட்டிருந்தார். சார் கையில் விசிறிபோல் விரிந்திருந்த பத்துப் பன்னிரண்டுதான். அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார்.

நிமிர்ந்தபோது அமைதியாகச் சிரித்தார். "சார், மணிவேல் சொல்றது நியாயம். கையெழுத்து போட்டு முடிச்ச கட்டைத் திரும்பப் பிரிக்கிறது நல்லதில்ல. வெளிய ஜனம் ஏற்கனவே சந்தேகத்துல இருக்குது. நாங்க ஆட்சேபணை எழுதித் தரோம்."

"நானும் எழுதித் தரேன்" என்றார் மணிவேல். "இன்னும் ஒரு தடவ இந்த ஆபீஸ் கை அந்தச் சீட்டு மேல படக்கூடாது."

"அண்ணா, ஒரே ஒரு சீட்டு பாருங்க. நீங்களே கையில வாங்கிப் பாருங்க."

"பாத்த வரைக்கும் போதும்மா."

இரண்டு ஆட்சேபணைகளும் ஒரே மேஜையில், ஒரே பேனாவில் எழுதப்பட்டன. மணிவேலுக்கு 'மறு ஆய்வு' என்ற சொல்லை இனியன்தான் சொல்லிக் கொடுத்தார்.

"சார்" என்றேன். "அவங்க வேணாம்னாலும் நீங்க பாக்கலாம். உங்க முடிவுதான்."

சக்கரவர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றி மூக்கை அழுத்திக்கொண்டார். "ரெண்டு பக்கமும் வேணாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதையும் மீறி நான் பிரிச்சி, முடிவு மாறுச்சின்னா வெளிய என்ன ஆவும்? கல்லு பறக்கும். மாறலைன்னா எதுக்குப் பிரிச்சேன்னு கேப்பாங்க. நீ வேலைக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. எனக்கு ரிட்டயராக இன்னும் நாலு மாசம் இருக்குது."

"முடிவு மாறும் சார்."

"அது எனக்குத் தெரிய வேணாம்" என்றார். மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். என் தாளையும் எடுத்து இரண்டு ஆட்சேபணைகளோடு சேர்த்துப் பின் குத்தினார். கிழிக்கவில்லை. அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர்தான்.

ஒலிபெருக்கியில் தருமன் பெயர் சொன்னார்கள். எட்டு ஓட்டு வித்தியாசம். ஒரு பக்கம் பட்டாசு, இன்னொரு பக்கம் வசவு. போலீஸ்காரர்கள் வேனில் ஏற ஆரம்பித்தார்கள்.

உறைகளுக்கு அரக்கு வைத்தார்கள். முப்பத்தொரு சீட்டுகள் உள்ளே போயின. இனி நீதிமன்றம் கேட்டால் ஒழிய யாரும் திறக்க முடியாது. நீதிமன்றம் கேட்க வேண்டும் என்றால் யாராவது வழக்குப் போட வேண்டும். பெட்டி மாற்றினார்கள் என்று போட்டால் அது நிற்காது. பெட்டியை யாரும் மாற்றவில்லை. வேன் போட்டோவைக் காட்டுவார்கள், தோற்பார்கள், விஷயம் அதோடு முடிந்துவிடும். என்ன கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் மூன்று பேர். ஒருவர் தருமனுக்கு மாலை வாங்கப் போயிருப்பார். ஒருவர் தெரிய வேண்டாம் என்றார்.

நான் கேட்டுக்கு வெளியே வந்தேன்.

வெள்ளையம்மாள் தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நூறு நாள் வேலையில் ஏரி மண் அள்ளிய ஆட்களுக்கு இரண்டு மாதக் கூலி வராததைக் கேட்கப் போய், திட்டு வாங்கி, அதனால் தேர்தலில் நின்றவர். எங்கள் அலுவலகத்துக்கு அப்போது நான்கு முறை வந்தார். ஒரு முறை நான்தான் நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்பினேன். இப்போது அழவில்லை. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் அவருடைய ஆட்கள் ஐம்பது பேர் இருந்தார்கள்.

அவர் முன்னால் குந்தினேன்.

"அம்மா, உங்க ஓட்டு முப்பத்தொரு செல்லாத சீட்டுல இருக்குது. பொட்டி மாத்தல. அதைக் கேஸ்ல சொல்லாதீங்க. மூணாம் பூத்து செல்லாத ஓட்டைப் பிரிக்கச் சொல்லுங்க."

"நீ யாரு பாப்பா?"

"ஆபீஸ்ல வேலை செய்யறேன். தப்பு என்னுது. மையை ஜாஸ்தி ஊத்திட்டேன்."

"பிரிச்சா?"

வாய் வரை வந்து நின்றது. கம்பிக்கு உள்ளே சக்கரவர்த்தி சார் ஜீப் கதவைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு ஓட்டுல நீங்க ஜெயிச்சிருக்கீங்க."

மணிவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "பெரிம்மா, அதுகிட்ட பேசாத. உள்ளயும் இதையேதான் சொல்லிச்சி. கேஸையும் கெடுக்க அனுப்பியிருக்காங்க."

"உள்ள எனக்குன்னு சொல்லிச்சா?"

"சொல்லல. பொதுவா சொல்லிச்சி."

"இப்பதான எனக்குன்னு சொல்லுது."

"அப்ப ஏன் சொல்லலையாம்? நான் வேணாம்னு எழுதிக் குடுத்தேனே, அப்பவாவது சொல்லலாம்ல?" கையெழுத்துப் போட்ட வலது கையை அவர் பார்த்துக்கொண்டார். உடனே முகத்தைத் திருப்பினார். "பொய்யி. எல்லாம் பொய்யி."

பொய்யாக இருந்தால்தான் அவரால் இன்றிரவு தூங்க முடியும் என்று எனக்குப் புரிந்தது.

வெள்ளையம்மாள் என் முகத்துக்குக் கிட்டே வந்தார். "கோர்ட்டுல கேட்டா வந்து சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"இன்னா?"

"சொல்லுவேம்மா."

"இவனுங்களுக்குக் கேக்கல. நான் நம்பி இன்னா ஆவுது? எழுந்து நின்னு சொல்லு."

எழுந்தேன். ஐந்தாறு போன்கள் உயர்ந்தன. அந்த டீ கிளாஸ் போட்டோவில் பார்த்த முகமா என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டார். ஆமாம் என்றார் அவர். யாரோ தூ என்று துப்பினார்கள். சக்கரவர்த்தி சார் ஜீப்பில் ஏறாமல் நின்றார்.

என் பெயரையும் பதவியையும் முதலில் சொன்னேன். பிறகு மற்றதையும், எல்லோருக்கும் கேட்கும்படி.