ரெமிஜியஸ் வீட்டு முன்னறைச் சுவர்

1997ஆம் ஆண்டு ஜூலை மாதம் ரிச்சர்ட்ஸ் டவுனில் ரெமிஜியஸ் வீட்டு முன்னறைச் சுவருக்கு சொரியாசிஸ் வந்தது. முதலில் சோபாவுக்குப் பின்னால் பொட்டு அளவில் சிவந்தது. ஒரு வாரத்தில் உள்ளங்கை அளவாகி, மேலே வெள்ளிபோல் செதில் கட்டியது. பெயின்டர் வந்து தொட்டுப் பார்த்து, ஈரமெல்லாம் இல்லை, சுவருக்குக் காய்ச்சல் மாதிரி சுடுகிறது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். அதே வாரத்தில்தான் ரெமிஜியஸின் மனைவி பிரிஜெட்டின் முழங்கைகள், மகள் மௌரீன் பிறந்த வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக, செதில் உதிர்ந்து சுத்தமாயின.

ரெமிஜியஸைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார், மழையில் கோயிலுக்குப் போனால் குடையை மனைவி பக்கமே சாய்ப்பார். தொடமாட்டார், அவ்வளவுதான். பிரிஜெட் ஏப்ரல் வெயிலிலும் மணிக்கட்டு வரை கை வைத்த ஜாக்கெட் போட்டாள். முதுகுக்கு மருந்து போட, மரக்கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றி வைத்திருந்தாள். அதை அவள் எடுக்கும்போதெல்லாம் அவர் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார்.

அந்த வருஷம் ஜூனில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தோல் பிரிவில் வெளிநாட்டுக் கம்பெனியின் புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுத்தார்கள், பிரிஜெட்டும் சேர்ந்தாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. டாக்டர் சிந்து ஒவ்வொரு முறையும் பிரிஜெட்டின் உள்ளங்கையை வைத்தே அவள் உடம்பை அளந்தாள். ஒரு உள்ளங்கை என்றால் உடம்பில் நூற்றில் ஒரு பங்கு. சேர்ந்தபோது இருபத்திரண்டு இருந்தது, கிறிஸ்துமஸுக்குள் இரண்டாகிவிட்டது. மீதி இருபதும் சுவரில் இருந்தன. மௌரீன் அம்மாவின் கையைச் சுவரில் வைத்து அளந்து பார்த்து, கணக்குச் சரி என்றாள்.

அந்த வீடு ரெமிஜியஸின் அப்பா கட்டியது. ஆபீஸ் விட்டு வந்ததும் ரெமிஜியஸ் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கி, பஞ்சில் தொட்டுச் சுவருக்குத் தடவினார். செதில் தானாக விழட்டும் என்று பிய்க்காமல் விட்டார். வெடித்த இடங்களில் வாயால் ஊதினார். வானநீலத்தில் குட்டைக்கை ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டு பிரிஜெட் சமையலறை வாசலில் நின்றாள். அவர் சுவரிடம், "எரியுதா?" என்று கேட்டது அவள் காதில் விழுந்தது.

ஒருநாள் அவர் டாக்டரிடமே போனார்.

"சுவருக்குன்னு தனியா ஒரு டப்பா குடுங்களேன், மேடம்."

"பக்க விளைவுல தலைவலி இருக்கு, வாந்தி இருக்கு சார். சுவர் இல்லியே" என்றாள் சிந்து.

ஈஸ்டர் முடிந்து மௌரீனைப் பெண் பார்க்க ஆஸ்டின் டவுனிலிருந்து தியோடர் குடும்பம் வருவதாக ஏற்பாடு. தியோடரின் மகன் ஞானசேகரனும் மௌரீனும் இரண்டு வருஷமாக ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். பெரியவர்கள் வந்து பார்த்துச் சரி என்றால் போதும்.

"மாத்திரைய நிறுத்திடு பிரிஜெட்" என்றார் ரெமிஜியஸ்.

"இப்பத்தாங்க நல்லாயிட்டு வருது."

"உனக்குன்னா ஜாக்கெட் போட்டு மறைச்சிக்கலாம். சுவருக்கு எத்தப் போட்டு மறைக்கிறது? வர்றவங்க மொதல்ல பாக்குறது அதத்தானே?"

பிரிஜெட் மகளைப் பார்த்தாள். மௌரீன் வளையலை உருட்டிக்கொண்டு, "கல்யாணம் ஆனதும் திரும்ப ஆரம்பிச்சிக்கலாமே மம்மி" என்றாள்.

மறுநாள் பிரிஜெட் மிச்ச மாத்திரைகளை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தாள். சுவர் மேலிருந்து கீழாக ஆறியது, அதே வரிசையில் அவளுக்குத் திரும்ப வந்தது. பெண் பார்க்க வந்த அன்று தியோடர் சோபாவில் உட்கார்ந்து பின்பக்கம் கையைவிட்டுத் தடவிப் பார்த்தார். "சுவர்னா இது சுவர், சம்பந்தி. இப்பல்லாம் எவன் இப்பிடிப் பூசுறான்?" என்றார். ரெமிஜியஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மே மாதம் கல்யாணம் நடந்தது. பிரிஜெட் முழுக்கை ஜாக்கெட்டில் எல்லோருக்கும் கேக் கொடுத்தாள்.

பிறகு அவள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். நடுவில் விலகியவர்களைத் திரும்பச் சேர்ப்பதில்லை என்று சிந்து மேசையைப் பார்த்தபடி சொன்னாள். அடுத்த வருஷம் கம்பெனி அந்த மருந்தையே கைவிட்டது. மாத்திரை சாப்பிட்ட ஒருவருடைய ஸ்கூட்டருக்கும் இன்னொருவர் வீட்டுப் பலாமரத்துக்கும் வந்துவிட்டதாம். நோய் குறையவில்லை, வீட்டுக்குள்ளேயே இடம்தான் மாறுகிறது என்று அறிக்கை எழுதி முடித்தார்கள்.

ஆனால் சுவரும் பிரிஜெட்டும் அதற்குப் பிறகு பிரியவில்லை. அடைமழையில் சுவர் ஊறினால் அவளுக்கு உடம்பு ஊதியது. வெள்ளையடித்தால் ஒரு வாரம் மூச்சு முட்டியது. டாக்டரிடம் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது?

2000ஆம் ஆண்டு மௌரீனும் மாப்பிள்ளையும் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். ரெமிஜியஸ் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, ஞானசேகரன் ஆணியை வைத்து அடித்தான். சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பிரிஜெட் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஜாக்கெட் நனைந்து சிவந்தது.

"அங்க வேணாம் மாப்பிள்ளை" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "எலும்புல இடிக்குது. நாலு விரக்கட தள்ளி கீழ அடிங்க, சுளுவா எறங்கும்."

அவன் நாலு விரற்கடை தள்ளிக் கீழே அடித்தான். சுளுவாகவே இறங்கியது. படம் கோணாமல் நின்றது. எல்லோரும் தள்ளி நின்று பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். பிரிஜெட் வேறு ஜாக்கெட் மாற்றிக்கொண்டு வந்து காபி கொடுத்தாள்.